பின்மாற்றக்காரி

எங்கள் சபையில் ‘பின்மாற்றம்’ என்றொரு சொல் உண்டு. இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, பிறகு பழைய வாழ்க்கைக்கே திரும்பிப்போகிறவர்களைப் பின்மாற்றக்காரர்கள் என்பார்கள். பதினோரு ஆண்டுகள் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு விக்காவுக்குத் திரும்பிய நான், அந்தச் சபையின் கணக்கில் ஒரு பின்மாற்றக்காரி. அதை நான் மறுக்கவில்லை. திரும்பித்தான் வந்தேன். ஆனால் எதற்குத் திரும்பி வந்தேன் என்ற கேள்வி என்னை விடவில்லை. ஆயிரம் ஆண்டுகள் மறைந்திருந்த பழைய மதத்துக்கா? அல்லது என் அம்மாவை விடச் சில ஆண்டுகளே மூத்த ஒரு புதிய மதத்துக்கா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில்.

எனக்குப் பதினேழு வயது. கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் ஸ்காட் கன்னிங்ஹாம் எழுதிய விக்கா கையேடு ஒன்றைப் பார்த்தேன். 1988இல் வந்த புத்தகம். எந்தக் குழுவிலும் சேராமல் தனியாக வழிபட விரும்புகிறவர்களுக்கென்றே எழுதப்பட்டது. கடவுள் பெண்ணாகவும் இருக்கலாம், அவளோடு பேச நடுவில் ஓர் ஆள் வேண்டாம், யாருக்கும் தீங்கு செய்யாமை ஒன்றே கட்டுப்பாடு என்று அது சொன்னது. வீட்டிலும் பள்ளியிலும் யாரிடமும் கேளாத செய்தி. ஒரு பௌர்ணமி இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறையில் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீருமாக உட்கார்ந்தேன். என் வழிபாடு அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் அம்மா கட்டிலுக்கடியில் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தார். போதகர் வந்து வீடு முழுவதும் ஜெபித்தார். புத்தகம் பின்கட்டில் எரிக்கப்பட்டது. மறுநாள் அம்மா நூலகத்துக்குப் போய், புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லி அதன் விலையைக் கட்டிவிட்டு வந்தார். பொய் சொன்னதற்காக அன்றிரவு தனியாக ஒரு ஜெபமும் செய்தார்.

பிறகு நானே சபைக்குள் போனேன். யாரும் என்னை இழுத்துப் போகவில்லை. அப்பா நோயில் விழுந்து எட்டு மாதம் படுத்திருந்தபோது எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் அந்தச் சபைப் பெண்கள்தான். அவர் இறந்த இரவில் எங்களோடு தரையில் படுத்தவர்களும் அவர்களே. கிறித்துவத்தை விட்டு வந்தவர்கள் எழுதும்போது இதை விட்டுவிடுகிறார்கள். நான் விட்டுவிட விரும்பவில்லை. ஒரு பெண்ணைச் சபைக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் கைச்சோறுதான்.

என்னை வெளியே கொண்டுவந்ததும் ஒரு பெண்தான். பதினைந்து வயது. என் வகுப்பில் படித்தவள். சில மாதங்களாக வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. அவளுக்குள் ஏதோ இருக்கிறது என்று முடிவாயிற்று. உபவாச ஜெபம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சிறு அறையில் விடுதலை ஜெபம். நானும் இன்னொரு அக்காவும் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டோம். போதகர் அவளுக்குள் இருந்ததாகச் சொன்ன ஒன்றோடு உரத்த குரலில் பேசினார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, “டீச்சர், கை வலிக்குது” என்றாள். ஜெபம் முடியும்வரை நான் கையை விடவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய பள்ளிக்குத் தகவல் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்தவை அவளுடைய கதை, என்னுடையதல்ல. நான் சபைக்குப் போவதை நிறுத்தினேன். அடுத்த பௌர்ணமிக்கு, இருபது ஆண்டுகள் கழித்து, மறுபடியும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினேன். ஆனால் பதினேழு வயதில் நம்பியதையெல்லாம் அப்படியே நம்ப முடியவில்லை. அதனால் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

ஒன்பது மில்லியன்

விக்கா பற்றிய பழைய நூல்களிலும், 1970களின் பெண்ணிய நூல்கள் பலவற்றிலும் ஓர் எண் வரும்: ஐரோப்பாவில் ஒன்பது மில்லியன் பெண்கள் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டார்கள். இந்த எண்ணுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1784இல் கோட்ஃப்ரீட் கிறிஸ்டியன் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர், குவெட்லின்பர்க் என்ற தம் ஊரின் சில வழக்குப் பதிவுகளை எடுத்து, அவற்றை ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கினார். விடை 94,42,994. ஒரு நூற்றாண்டு கழித்து, 1893இல், அமெரிக்க வாக்குரிமைப் போராளியான மட்டில்டா ஜோஸ்லின் கேஜ், தேவாலயமும் அரசும் பெண்களுக்குச் செய்த கொடுமைகளைத் தொகுத்த தம் நூலில் ஒன்பது மில்லியன் என்று எழுதினார். மேரி டேலி 1978இல் அதையே சொன்னார். அப்படியே அது எங்கள் கைக்கு வந்தது.

நீதிமன்ற ஆவணங்களை ஊர் ஊராக எண்ணிய இன்றைய வரலாற்றாசிரியர்கள், ஏறக்குறைய 1450க்கும் 1750க்கும் இடையில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் ஆண்களே அதிகம். இங்கிலாந்தில் அவர்களை எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள்.

எண் குறைந்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏமாற்றம்தான் என்னை வெட்கப்பட வைத்தது. ஐம்பதாயிரம் பேர் போதாதா? கொல்லப்பட்ட ஒவ்வொருத்திக்கும் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, காட்டிக்கொடுத்த அண்டைவீட்டார் இருந்தார்கள். ஒன்பது மில்லியன் என்ற பெருங்கூட்டத்தில் எந்த முகமும் தெரிவதில்லை.

முகங்களைப் பார்க்கத் தொடங்கியபோது இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. கொல்லப்பட்டவர்கள் பழைய தேவதையை வணங்கிய பூசாரிணிகள் அல்லர். ஏறக்குறைய எல்லோரும் கிறித்தவப் பெண்கள். மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692இல் தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டி சபையின் முழு உறுப்பினர். முதலில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். மறுபடி யோசிக்கச் சொன்னதும் முடிவை மாற்றிக்கொண்டார்கள். தூக்குக்கு முன்பு சபை அவரை விலக்கிவைத்தது. 1712இல், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், அந்த விலக்கத்தை நீக்கியது. கடைசிவரை தன்னைக் கர்த்தருடைய பிள்ளை என்றே நம்பிய அந்தப் பெண்ணை, அவருடைய அனுமதி இல்லாமல், நான் எப்படி என் மதத்தின் தியாகியாக்குவது?

அதைவிடக் கடினமானது ஒன்று. மருத்துவச்சிகளையும் நாட்டு வைத்தியப் பெண்களையும் ஒழிக்கவே இந்த வேட்டை நடந்தது என்று 1973இல் பார்பரா எரன்ரைக்கும் டெய்ட்ரே இங்கிலிஷும் எழுதிய சிறுநூல் பெண்கள் இயக்கத்தில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. மருத்துவத் துறையின் ஆணாதிக்கத்தை எதிர்க்க அந்த நூல் தந்த தைரியம் பெரிது. ஆனால் ஆவணங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. இங்கிலாந்தில் மருத்துவச்சிகள் பெரும் எண்ணிக்கையில் குற்றம் சாட்டப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் உடைகளைக் களைந்து, உடலில் ‘பிசாசின் குறி’ இருக்கிறதா என்று தேட நீதிமன்றம் அழைத்தது அவர்களைத்தான். 1640களில் கிழக்கு இங்கிலாந்தில் மேத்யூ ஹாப்கின்ஸ் நடத்திய வேட்டையில் இந்தத் தேடலைச் செய்தவர்கள் பெண்கள்.

அதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வரலாற்றில் என் இடத்தைத் தேடினேன். கிடைத்துவிட்டது. நான் கூண்டில் நின்றவளின் வாரிசு அல்ல. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் வாரிசு.

தோட்டத்திலிருந்து வந்த மதம்

அப்படியென்றால் விக்கா எங்கிருந்து வந்தது? 1921இல் மார்கரெட் மரே என்ற எகிப்தியல் அறிஞர், சூனிய வழக்குகளில் சிக்கியவர்கள் கிறித்துவத்துக்கு முந்தைய ஒரு வளமைச் சமயத்தைப் பின்பற்றியவர்கள் என்று எழுதினார். ஆண்களே நிறைந்திருந்த கல்வியுலகில் தனக்கென இடம்பிடித்த பெண், வாக்குரிமை இயக்கத்தில் இருந்தவர். ஆனால் வாக்குமூலங்களில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, பறப்பதும் உருமாறுவதுமான பகுதிகளை விட்டுவிட்டார். 1970களில் மற்ற ஆய்வாளர்கள் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டபோது அவருடைய கட்டடம் நிற்கவில்லை. அதற்குள் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் சூனியம் பற்றிய கட்டுரை நாற்பது ஆண்டுகளாக அவர் எழுதியதாகவே இருந்துவிட்டது.

மரே சொன்ன அந்தச் சமயம் இன்னும் உயிரோடிருக்கிறது, 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் அதைப் பின்பற்றும் குழு ஒன்று தனக்குத் தீட்சை தந்தது என்று சொன்னவர் ஜெரால்டு கார்ட்னர். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் அவர் வெளிப்படையாக ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை மார்கரெட் மரே. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஹட்டன் 1999இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, விக்கா இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான மதம் என்பதைத் தெளிவாக்கியது. பழைய மாந்திரிக நூல்கள், ஃப்ரீமேசன் சடங்குகள், அலைஸ்டர் குரோலியின் எழுத்து, மரேயின் கோட்பாடு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

கார்ட்னரின் வாழ்க்கையில் தமிழ்ப் பெண்ணான நான் கடந்துபோக முடியாத ஒரு பக்கம் உண்டு. 1900இல், பதினாறு வயதில், அவர் இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். பிறகு போர்னியோ, அதன்பின் மலாயாவில் ரப்பர் தோட்டம், கடைசியாகச் சுங்கத்துறை. 1936இல் ஓய்வு. அவருடைய முதல் நூல் விக்காவைப் பற்றியதல்ல. மலாய் மக்களின் கிரிஸ் கத்தியைப் பற்றியது. விக்கா சடங்கின் மையத்தில் ஒரு கத்தி இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூல் நினைவுக்கு வரும்.

அவர் துரையாக இருந்த தோட்டங்களில் கொழுந்து பறித்ததும் பால் வெட்டியதும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கங்காணியின் ‘துண்டு’ச் சீட்டில் கடன் எழுதப்பட்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறிய காலம் அது, இலங்கையில் அந்த முறை 1921வரை நீடித்தது. என் அம்மாயியின் தாய் அந்த மலைகளில்தான் கொழுந்து பறித்தார். கார்ட்னரின் தோட்டமாக அது இருக்கவேண்டிய அவசியமில்லை. எல்லாத் தோட்டங்களும் ஒரே வகைக் கணக்கில்தான் நடந்தன. தேவதையின் மதத்தை உலகுக்குச் சொன்னவருக்குக் கிடைத்த ஓய்வும் வசதியும் பேரரசு தந்தவை. பேரரசுக்கு அவற்றைத் தந்தவர்களில் என் வீட்டுப் பெண்களும் உண்டு. ஆகவே, இது வெள்ளைக்காரர்களின் விஷயம், உனக்கென்ன இதில் என்று யாராவது கேட்டால், எங்களுக்கும் இதில் வரவேண்டிய பாக்கி இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

டோரீன் வாலியன்டே

விக்காவுக்குத் திரும்பியதில் எனக்குக் கிடைத்த உண்மையான முன்னோடி கார்ட்னர் அல்ல, டோரீன் வாலியன்டே. 1922இல் லண்டனில் பிறந்தவர். 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றார். ‘நிழல்களின் நூல்’ என்ற சடங்குப் புத்தகத்தைப் படித்ததுமே, பழமையானது என்று சொல்லப்பட்ட பகுதிகளில் குரோலியின் வரிகளை அடையாளம் கண்டு நேராகவே கேட்டுவிட்டார். உன்னால் முடிந்தால் நீயே எழுது என்ற பொருளில் கார்ட்னர் பதில் சொன்னார். வாலியன்டே எழுதினார். உலகெங்கும் விக்கா வழிபாட்டில் தேவதையின் குரலாக இன்று ஒலிக்கும் உரைநடையைச் செப்பனிட்டுத் தந்தவர் அவர்தான்.

1957இல் முறிவு வந்தது. கார்ட்னர் பத்திரிகைகளைத் தேடிப்போவது குழுவுக்கு ஆபத்து என்று வாலியன்டேயும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். அப்போது, அதுவரை யாரும் பார்த்திராத ‘பழைய சட்டங்கள்’ திடீரென வெளிப்பட்டன. தலைமைப் பூசாரிணி வயதானால் இளையவளுக்குப் பெருந்தன்மையோடு இடம்விட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அப்போது அவருக்கு 35 வயது. சட்டங்கள் இவ்வளவு காலம் எங்கே இருந்தன என்று கேட்டுவிட்டு வாலியன்டே வெளியேறினார். தேவதையை வணங்கும் மதத்திலும், ஒரு பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியாதபோது ஆணின் கையில் ஒரு பழைய நூல் கிடைத்துவிடுகிறது. போதகர் வசனங்களைப் புரட்டும் சத்தம் எனக்கு அங்கேயும் கேட்டது.

வாலியன்டேயைப் புனிதராக்கவும் எனக்கு வழியில்லை. 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் அவர் நேஷனல் ஃப்ரன்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தார். எங்களைப் போன்றவர்களை இந்த நாட்டை விட்டுத் துரத்தவேண்டும் என்ற கட்சி அது. பெண் விடுதலையையும் தன்பாலின உரிமையையும் அக்கட்சி எதிர்ப்பதைச் சொல்லி விலகினார். நிறவெறி அவர் சொன்ன காரணங்களில் இல்லை. இதைப் படித்தபோது அவருடைய புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைத்து, பல வாரங்கள் தொடாமல் இருந்தேன். பிறகு எடுத்தேன். அவர் எனக்குத் தாயாக இருக்கவேண்டாம். அவர் கேட்ட கேள்வி எனக்குப் போதும்.

அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான் 1978இல் அவர் எழுதிய நூல். ஒரு சூனியக்காரிதான் இன்னொருத்தியை உருவாக்க முடியும் என்பது கார்ட்னர் மரபின் விதி. அப்படியென்றால் முதல் சூனியக்காரியை உருவாக்கியது யார் என்று வாலியன்டே கேட்டார். ஒருவர் தனக்குத்தானே தீட்சை கொடுத்துக்கொள்ளும் சடங்கை அந்த நூலில் தந்தார். கன்னிங்ஹாமின் கையேடு நடந்தது அவர் திறந்துவிட்ட வழியில்தான். நூலகத்தில் என் கைக்கு வந்ததும் அதுதான்.

பிரைட்டனில் வாலியன்டே கடைசிக் காலத்தில் வாழ்ந்த மாநகராட்சி அடுக்குமாடிக் கட்டடத்தில் 2013இல் நீல நினைவுப் பலகை வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். துணி காயப்போட்ட பால்கனிகளும் மிதிவண்டிகளுமாக, என் அம்மா இருக்கும் கட்டடத்தைப் போலவே இருந்தது.

தனியாக

அமெரிக்கப் பெண்ணியவாதிகள் விக்காவை வேறு திசையில் கொண்டுபோனார்கள். 1971இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸூஸன்னா புடபெஸ்ட் பெண்களுக்கு மட்டுமான குழுவைத் தொடங்கினார். 1975இல், மாறுவேடத்தில் வந்த பெண் போலீசுக்குச் சீட்டுப் பார்த்துப் பலன் சொன்னதற்காகக் கைதானார். 1979இல் ஸ்டார்ஹாக் எழுதிய நூல் வழிபாட்டையும் அணு எதிர்ப்பு, சூழலியல் போராட்டங்களையும் சேர்த்துக் கட்டியது. ஆனால் 2012இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு பேகன் மாநாட்டில் புடபெஸ்ட் நடத்திய சடங்கு திருநங்கைகளுக்குக் கதவை மூடியது. வெளியே பலர் மௌனமாக உட்கார்ந்து எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். எந்த வட்டம் வரைந்தாலும் வெளியே நிற்க யாரோ இருக்கிறார்கள்.

நான் எந்த வட்டத்திலும் சேரவில்லை. தனிவழிபாடு என்பது சுதந்திரம் மட்டுமல்ல என்பதையும் சொல்லவேண்டும். காய்ச்சல் வந்தால் சோறு கொண்டுவர ஆளில்லை. பாட்டுக்குக் கூடச் சேரும் குரல் இல்லை. சபையை விட்டபின் நான் அதிகம் ஏங்கியது அந்தப் பாட்டுக்குத்தான். என் தவறைச் சுட்டிக்காட்ட யாரும் இல்லை என்பது இன்னும் பெரிய ஆபத்து. அதற்காகத்தான் வரலாறு படிக்கிறேன். தனியாக வழிபடுகிறவளுக்கு அதுவே சபை, அதுவே கண்டிப்பு.

தமிழில் என்னைச் சூனியக்காரி என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. 1968இல் நியூயார்க்கில் பெண்கள் கூர்த்தொப்பி அணிந்து வால் ஸ்ட்ரீட்டைச் சபித்தபோது, ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒரு விளையாட்டாகவும் அறைகூவலாகவும் மாறிவிட்டது. அங்கே அதற்காகக் கொல்லப்பட்டவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோனார்கள். இந்தியாவில் முடியவில்லை. பீகார் 1999இலும் ஜார்கண்ட் 2001இலும் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்த பிறகும், நிலமுள்ள விதவைகளும் ஆதிவாசிப் பெண்களும் இந்தப் பெயரால் அடித்துக் கொல்லப்படுகிறார்கள். ஒருத்தியின் மீது சுமத்தப்படும் சொல்லை நான் நகையாக அணிந்துகொள்ள முடியாது.

ஆக, என் கேள்விக்குப் பதில் இது. நான் திரும்பி வந்தது பழைய மதத்துக்கல்ல. துரை ஒருவர் தொடங்கி, ஒரு பெண் திருத்தி எழுதி, பலர் சண்டையிட்டு மாற்றிக்கொண்டிருக்கும் புதிய மதத்துக்கு. அது புதியது என்பதே எனக்கு ஆறுதல். மாற்ற முடியாத புனித நூல் அதில் இல்லை. யாரேனும் பழைய சட்டம் என்று எதையாவது நீட்டினால், இது நேற்றுவரை எங்கே இருந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

அக்டோபர் 31 இரவு, விக்காவில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அப்பாவுக்கு ஒரு விளக்கு, கொழுந்து பறித்த அந்தப் பெண்ணுக்கு ஒரு விளக்கு. ரெபெக்கா நர்ஸுக்கு விளக்கு ஏற்றுவதில்லை. அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். அவர் பெயரை மட்டும் ஒருமுறை சொல்கிறேன். அந்த மாணவி உயிரோடு இருக்கிறாள், எங்கோ நன்றாக இருக்கட்டும். அவளுக்காக வேறொன்று செய்கிறேன். வட்டத்தைக் கலைப்பதற்கு முன், சிறிது நேரம் கைகள் இரண்டையும் விரித்து, எதையும் பிடிக்காமல், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.